கியர் லீவரும் பின் பிரேக்கும்: என் காலுக்கு ஏற்ப வீட்டிலேயே திருத்திக்கொண்ட கதை

பெருநிலத்துப் பிறை நகரிலிருந்து பினாங்குப் பாலம் ஏறி தீவிலுள்ள பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதுகு வலி, மணிக்கட்டு வலி என்று எல்லாரும் சொல்வார்கள். அவை போக, இடது கணுக்காலுக்கு மேலே முன்னங்கால் எலும்பை ஒட்டி ஒரு வலி உண்டு. மாலையில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாதத்தை மேலே தூக்கினால் சுருக்கென்று இழுக்கும். நான் பேசிப் பார்த்தவரை, இதைச் சொல்கிறவர்கள் கையால் கிளட்ச் பிடித்து ஓட்டும் மோட்டார்காரர்கள். அதிலும் தொழிற்சாலைக்கு சேஃப்டி சப்பாத்து போட்டுக்கொண்டு போகிறவர்கள். எனக்கும் அந்த வலி நெடுநாள் இருந்தது. தைலம் தேய்த்தேன், கணுக்காலுக்குப் பட்டை கட்டினேன், எதற்கும் அடங்கவில்லை. கியர் லீவரை என் காலுக்குத் தகுந்த உயரத்துக்கு ஏற்றி வைத்த பிறகுதான் விட்டது.

கம்பெனி வைத்து அனுப்பும் லீவர் உயரம் யாரோ ஒரு சராசரி ஆளின் காலுக்கும் சாதாரண சப்பாத்துக்கும் பொருந்துவது. அதை நம் காலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டிய வழியையும் கம்பெனிக்காரர்களே மோட்டாரில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். நம்மில் பலர் அதைத் தொடுவதே இல்லை. வலி தாங்காமல் போனதும் நேரே கடைக்குப் போய் புதிதாக எதையாவது வாங்கி மாட்டுகிறோம். வாங்குவதற்கு முன் இருப்பதைத் திருத்திப் பாருங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். இடது ஓரத்தில் மோட்டாருக்குத் தனிப் பாதை உண்டு. 2019 ஜனவரி 1 முதல் மோட்டாருக்கு டோலும் இல்லை. பாலத்தின் மேல் காலுக்குப் பெரிய வேலை கிடையாது. டாப் கியரில் போட்டால் அப்படியே போகலாம். தீவுப் பக்கம் இறங்கி லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் தெற்கே திரும்பியதும்தான் வேலை ஆரம்பிக்கிறது. ஜாமில் ஒன்று, இரண்டு, திரும்ப ஒன்று, நியூட்ரல், சிவப்பு விளக்கு, மறுபடி ஒன்று, இரண்டு. தொழிற்பேட்டைக்குள் ஒவ்வொரு சந்திப்பிலும் இதே கதை. முதல் கியரைத் தவிர மற்ற எல்லாக் கியருக்கும் சப்பாத்தின் மூக்கை லீவருக்கு அடியில் நுழைத்து மேலே தூக்க வேண்டும்.

அங்கேதான் சேஃப்டி சப்பாத்து இடிக்கிறது. அதன் மூக்கில் இரும்புத் தொப்பி இருக்கிறது. ஐஎஸ்ஓ 20345 தரப்படி அந்தத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அவ்வளவு தாங்குகிற தொப்பி, அதற்கு மேலே தோல், கீழே தடித்த அடித்தட்டு, எல்லாம் சேர்ந்தால் மூக்கு பருத்துத்தான் இருக்கும். பள்ளிக்கூட ரூலரை நிறுத்தி அளந்து பார்த்தேன். என் விளையாட்டுச் சப்பாத்து பெருவிரல் இருக்கும் இடத்தில் சுமார் 5 சென்டிமீட்டர். சேஃப்டி சப்பாத்து 7-ஐ நெருங்கியது. லீவருக்கு அடியில் இருந்த இடமோ முதல் சப்பாத்துக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. அப்போது கால் என்ன செய்கிறது? பாதத்தை கீழ்நோக்கிச் சாய்த்து, முழங்காலைக் கொஞ்சம் வெளியே விரித்து, மூக்கைத் திணித்து, பிறகு தூக்குகிறது. ஒவ்வொரு கியருக்கும் கணுக்கால் தேவையில்லாமல் ஒரு முழு ஆட்டம் ஆடுகிறது. நம் தசைதான் அதற்குக் கூலி கொடுக்கிறது.

கப்சாய், அதாவது கைக் கிளட்ச் இல்லாத சின்ன மோட்டார், ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் முன் மிதியை விரலால் மிதித்தால் கியர் ஏறும், பின் மிதியைக் குதிகாலால் மிதித்தால் இறங்கும். எதையும் அடியிலிருந்து தூக்க வேண்டியதில்லை. அதற்கு வேறு சில சங்கடங்கள் உண்டு, பிறகு வருகிறேன்.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. மோட்டாரை சமதரையில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டபுள் ஸ்டாண்டு இல்லையென்றால் யாரையாவது ஹேண்டிலை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் போடுகிற அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஓட்டும்போது உட்காருகிற மாதிரியே உட்காருங்கள். இடது பாதத்தை ஃபுட் ரெஸ்ட்டில் இயல்பாக வைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பாதம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக இருக்கும்போது சப்பாத்தின் மூக்கு லீவருக்கு அடியில் இடிக்காமல் நுழைய வேண்டும். மேலே ஒரு அரை சென்டிமீட்டர் இடம் மிஞ்சினால் போதும். அதே பாதத்தை லீவருக்கு மேலே கொண்டுவந்து மிதிக்கும்போது உள்ளங்கால் ஃபுட் ரெஸ்ட்டைவிட்டு எழும்பக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரம் இருக்கிறது. நாம் தேடுவது அதைத்தான். லீவரை அளவுக்கு மீறி ஏற்றினால் தூக்குவது சுகமாகி மிதிப்பது கஷ்டமாகிவிடும். அந்த வலி தொடையில் வரும்.

லீவரைத் திருத்துவதில் இரண்டு வகை உண்டு. உங்கள் மோட்டார் எது என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். எஞ்சினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல் வெட்டிய தண்டிலேயே லீவர் நேராக மாட்டியிருந்தால் ஒரு வகை. லீவர் ஃபுட் ரெஸ்ட்டுக்குப் பக்கத்தில் தனி அச்சில் ஆடி, அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி எஞ்சின் தண்டில் இருக்கும் சின்னக் கைக்குப் போனால் இன்னொரு வகை.

நேராக மாட்டிய வகையில் லீவரின் கழுத்தில் ஒரு பிளவு இருக்கும், அதை ஒரு போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். தளர்த்தினால் மட்டும் லீவர் வராது. பல மோட்டார்களில் அந்த போல்ட் தண்டில் உள்ள ஒரு பள்ளத்தின் வழியாகக் குறுக்கே போகிறது. அதை முழுசாக உருவி எடுத்தால்தான் லீவர் வெளியே வரும். இது தெரியாமல் சுத்தியலால் தட்டக் கூடாது. அந்தத் தண்டின் மறுமுனை எஞ்சினுக்குள் இருக்கிறது, தட்டுகிற அடி அங்கே போய்ச் சேரும். எடுப்பதற்கு முன்னால் தண்டிலும் லீவரிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எங்கிருந்து கிளம்பினோம் என்பது பிறகு தெரிய வேண்டும். இந்த வகையில் நுணுக்கமாக நகர்த்த வழியில்லை, பல் பல்லாகத்தான் நகரும். உதாரணத்துக்கு ஒரு தண்டில் 30 பல் இருக்கிறது என்றால் ஒரு பல்லுக்கு 12 பாகை. 10 சென்டிமீட்டர் நீள லீவரின் நுனி ஒரே தாவில் 2 சென்டிமீட்டர் எழும்பும். சிலருக்கு அது சரியாக இருக்கும், சிலருக்கு அதிகமாகிவிடும்.

கம்பி வைத்த வகை ரொம்ப வசதி. என் மோட்டார் அந்த வகைதான். கம்பியின் இரண்டு முனையிலும் பந்து மூட்டு இருக்கிறது. ஒரு முனையில் வழக்கமான மரை, மறு முனையில் எதிர்மரை. அதனால் கம்பியை எங்கும் கழற்றாமல், இருந்த இடத்திலேயே நடுவில் பிடித்துத் திருகினால் இரண்டு முனையும் சேர்ந்து உள்ளே போகும், அல்லது சேர்ந்து வெளியே வரும். கம்பி குட்டையாகும், அல்லது நீளும். ஒவ்வொரு முனையிலும் ஒரு லாக் நட் அதைப் பூட்டி வைத்திருக்கும்.

அந்த லாக் நட்டுகளில் கவனம் வேண்டும். சாதாரண மரைப் பக்கத்து நட் வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலும். எதிர்மரைப் பக்கத்து நட்டை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சில கம்பிகளில் எதிர்மரை முனைக்கு அடையாளமாக ஒரு வெட்டுக்கோடு இருக்கும். இல்லாவிட்டால் மரை எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். மழையிலும் பாலத்துக் கடல்காற்றிலும் ஓடுகிற மோட்டாரில் இந்த நட்டுகள் நன்றாகத் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் அடித்து வைத்துவிடுங்கள். காலையில் ஒரு ஸ்பேனரால் மூட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். மூட்டைப் பிடிக்காமல் திருப்பினால் பந்து அதன் கிண்ணத்தில் முறுகி, பின்னால் லீவர் ஆட்டம் கொடுக்கும்.

எவ்வளவு திருப்புவது? எம்6 கம்பியில், அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன் மரை உள்ள கம்பியில், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஒரு முனையில் 1, மறு முனையில் 1, ஆகக் கம்பியின் நீளம் 2 மில்லிமீட்டர் மாறும். லீவரில் கம்பி மாட்டியிருக்கும் இடம் அச்சுக்குப் பக்கத்திலும் நம் கால் படும் நுனி தூரத்திலும் இருப்பதால், அந்த 2 மில்லிமீட்டர் நுனியில் மூன்று நான்கு மடங்காகும். அதனால் அரைச் சுற்று அரைச் சுற்றாகப் போங்கள். நீட்டினால் லீவர் ஏறுமா இறங்குமா என்பது ஒவ்வொரு மோட்டாரின் அமைப்பைப் பொறுத்தது. முதல் அரைச் சுற்றிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து, காலை வைத்து, தூக்கி, மிதித்துப் பாருங்கள். எனக்கு நுனி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் ஏறியபோது சரியாக அமைந்தது. அந்த ஒரு சென்டிமீட்டருக்காகத்தான் அவ்வளவு நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு எல்லைகளைத் தாண்டக் கூடாது. ஒன்று, மூட்டுக்குள் கம்பியின் மரை போதுமான அளவு இருக்க வேண்டும். எம்6 கம்பி என்றால் குறைந்தது 6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். அதற்குமேல் வெளியே இழுத்தால் ஓட்டும்போது கழன்று வந்துவிடும். பாலத்தின் நடுவே கியர் இல்லாமல் நிற்க நேரிடும். இரண்டு, கம்பிக்கும் எஞ்சின் தண்டின் சின்னக் கைக்கும் உள்ள கோணம். அது ஏறத்தாழ செங்கோணமாக இருந்தால் ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே அளவு லேசாக இருக்கும். மிகவும் கோணிவிட்டால் ஒரு பக்கம் லேசாகவும் ஒரு பக்கம் கனமாகவும் ஆகிவிடும். இன்னும் உயரம் வேண்டும், ஆனால் கோணம் கெடுகிறது என்றால், எஞ்சின் தண்டில் அந்தச் சின்னக் கையை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டு, மிச்சத்தைக் கம்பியால் நுணுக்கமாகச் சரி செய்யலாம்.

எல்லாம் சரியான பிறகு லாக் நட்டுகளை இறுக்குங்கள். எம்6 அளவுக்கு 10 நியூட்டன் மீட்டரே தாராளம். ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்குகிற வேலை வேண்டாம். இறுக்கும்போது இரண்டு பந்து மூட்டும் ஒரே சமதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியை விரலால் பிடித்து முறுக்கினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் மூட்டு கோணலாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது. தளர்த்தி மறுபடி இறுக்குங்கள்.

இது இடது பக்கம். இவ்வளவையும் நான் தைரியமாகச் செய்யச் சொல்வேன். கியர் லீவரில் கொஞ்சம் பிசகினாலும் கியர் சரியாக விழாது, அவ்வளவுதான், உடனே தெரிந்துவிடும். வலது பக்கம் அப்படியல்ல. பிரேக்கில் பிசகினால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது.

என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிற ஒரு தம்பி. பாலத்து மோட்டார் பாதையில் ஒருநாள் அவனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் யாரும் இல்லை, அவன் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. ஆனால் பிரேக் விளக்கு அணையவே இல்லை. நடு மேட்டில் ஏறும்போதும் எரிகிறது, இறங்கும்போதும் எரிகிறது. பார்க்கிங்கில் நிறுத்தியதும் கேட்டேன்.

"தம்பி, பிரேக்லே காலை வச்சுக்கிட்டேவா வர்றே?"

"இல்லண்ணே, சும்மாதான் வச்சிருக்கேன். அழுத்தல."

அவன் சொன்னது உண்மை. அவன் கால் அழுத்தியதாக அவனுக்குத் தெரியவில்லை. சேஃப்டி சப்பாத்தின் அடித்தட்டு தடிமன். அதன் வழியாகப் பெடலின் அழுத்தம் பாதத்துக்கு வந்து சேர்வதில்லை. பெடல் அவன் காலுக்கு உயரமாக இருந்தது. பாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வர முடியாமல் அசதியில் அதன் மேல் இறக்கி வைத்துவிட்டான். பின்னால் வருகிறவனுக்கு அவன் எப்போது உண்மையாகவே பிரேக் பிடிக்கிறான் என்பது தெரிய வழியே இல்லை. பிரேக் பேடும் வீணாகத் தேய்கிறது. இப்படி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பெடல் உயரத்தைச் சரி செய்வது கால் சுகத்துக்காக மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

பின் பிரேக் டிரம் வகையா டிஸ்க் வகையா என்பதைப் பொறுத்து வேலை மாறும். டிரம் வகையில் பின் சக்கரத்துப் பக்கம் நீளமான கம்பியின் முனையில் ஒரு நட் இருக்கும். அதைத் திருப்பினால் பெடலின் உயரம் மாறாது. பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன் பெடல் சும்மா இறங்கும் தூரம் மட்டும்தான் மாறும். இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். உயரத்தை மாற்ற, பெடல் அச்சுக்குப் பக்கத்தில் அது வந்து முட்டுகிற ஸ்டாப்பர் போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதில் உயரத்தை வைத்துவிட்டு, பிறகு பின் நட்டில் சும்மா இறங்கும் தூரத்தைத் திரும்ப அளந்து வையுங்கள். கப்சாய் வகைகளில் அது பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும்; உங்கள் மோட்டாருக்கான அளவு கையேட்டில் இருக்கும். நட்டின் ஒரு பக்கம் குழிந்திருக்கும், அந்தக் குழி கம்பியின் குறுக்கே உள்ள உருளை மேல் நன்றாக உட்கார வேண்டும். பாதி உட்கார்ந்த நிலையில் விட்டால், ஓட்டும்போது அது தானாக உட்கார்ந்து அளவு மாறிவிடும்.

டிஸ்க் வகையில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். பெடல் ஒரு சின்னத் தள்ளுகம்பியை அழுத்துகிறது, அது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுகம்பியிலும் லாக் நட் உண்டு. அதைத் திருப்பி பெடலை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வர வேண்டும். வந்தால்தான் சிலிண்டருக்குள் ஒரு சின்னத் துளை திறக்கும். பிரேக் சூடானால் உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் விரியும்; அந்த விரிவு அந்தத் துளை வழியாகத்தான் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பிப் போகிறது. தள்ளுகம்பி பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருந்தால் துளை மூடியே இருக்கும். ஆயில் விரிய இடமில்லாமல் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். அதனால் இன்னும் சூடு, இன்னும் விரிவு, இன்னும் அழுத்தம். கடைசியில் நாம் மிதிக்காமலேயே பின் சக்கரம் பிடித்துக்கொள்ளும். வீட்டு வாசலில் சரியாக இருந்த மோட்டார் பாலத்தின் நடுவில் இறுகுவது இப்படித்தான்.

ஆகவே பெடலை எந்த உயரத்தில் வைத்தாலும், கையால் அழுத்தும்போது பிஸ்டனைத் தொடுவதற்கு முன் கொஞ்சமாவது தளர்வு தெரிய வேண்டும். இது பேரம் பேசுகிற விஷயம் இல்லை. உங்கள் காலுக்குச் சுகமான உயரமும் இந்தத் தளர்வும் ஒத்துப் போகவில்லை என்றால், சுகத்தை விட்டுவிடுங்கள். சில மோட்டார்களில் தள்ளுகம்பியின் நுனி எவ்வளவு தெரிய வேண்டும் என்றே கையேட்டில் சொல்லியிருப்பார்கள். அந்த எல்லைக்குள்ளேயே நில்லுங்கள். நான் பெடலைக் கொஞ்சமாகத்தான் இறக்கினேன். அதுவே பாதம் பெடலின் மேல் தொங்காமல் பக்கத்தில் ஓய்வாக நிற்கப் போதுமாக இருந்தது.

பெடல் உயரம் மாறினால் பிரேக் விளக்கு சுவிட்சும் மாற வேண்டும். பெடலிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் மேலே ஒரு சுவிட்சுக்குப் போகும். சுவிட்சைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நட்டைத்தான் திருப்ப வேண்டும். சுவிட்சின் உடம்பைத் திருப்பினால் வயர் முறுகி அறுந்துவிடும். ஒரு கையால் உடம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டைத் திருப்புங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் விளக்கு எரிய வேண்டும், காலை எடுத்ததும் அணைய வேண்டும். அந்தத் தம்பியின் மோட்டாரில் பார்க்கிங்கிலேயே முதலில் இதைத்தான் பார்த்தோம். பெடலை இறக்கி, சுவிட்சைச் சரி செய்த பிறகு அவன் விளக்கு ஒழுங்காக அணைகிறது.

மாமா ஒருவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார், பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5 கப்சாய் வைத்திருக்கிறார். தினமும் காலையில் சிலிப்பர் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய் வருவார். முழங்கால் தேய்மானம் உள்ளவர். குதிகாலால் மிதித்துக் கியரை இறக்குவது சிரமமாக இருக்கிறது என்றார். மிதியை ஒரு பல் தள்ளி மாட்டிப் பார்த்தோம். முன் மிதி ஏறியது, ஆனால் பின் மிதி தாழ்ந்து போய்விட்டது. ஒரே துண்டாக இருப்பதால் ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் இறங்கத்தான் செய்யும். பழைய கோட்டுக்கே திருப்பி வைத்துவிட்டோம். பிறகு கவனித்தால், ஃபுட் ரெஸ்ட் ரப்பர் இரண்டும் காய்ந்து, மேல்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதனால் அவர் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் காலைப் பின்னுக்கு இழுத்துக் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. ஃபுட் ரெஸ்ட் ரப்பரும் மிதி ரப்பரும் புதிதாக வாங்கிப் போட்டோம். 1958-இலேயே பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ ஹோண்டாவைக் கொண்டுவந்து விற்ற ஊர் இது. ஈஎக்ஸ்5 சாமான் கிடைக்காத மோட்டார் கடை இங்கே இல்லை. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தள்ளினால் ஏறிவிடும். எண்ணெய் தடவக் கூடாது, பிறகு அது சுற்றிக்கொண்டே இருக்கும். மாமாவின் சிரமத்தில் பெரும்பங்கு அந்த ரப்பரோடு போனது.

கப்சாயில் இன்னொன்று. கியர் மிதியை அழுத்தும்போதே உள்ளே கிளட்சும் விலகும்படிதான் அதன் அமைப்பு. கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லாமல் கியர் மாற்ற முடிவதே அதனால்தான். ஆகவே மிதியைத் திருத்திய பிறகு உங்கள் பாதம் எந்நேரமும் முன் மிதியிலோ பின் மிதியிலோ பாரம் போட்டுக்கொண்டிருந்தால், கிளட்ச் பாதி விலகியபடியே ஓடும். எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும். சுகமான இடத்தில் மிதியை வைத்தால் மட்டும் போதாது. காலை ஓய்வாக வைக்கும்போது மிதியைத் தொடாத இடமாகவும் அது இருக்க வேண்டும்.

இனி, காசு கொடுத்து வாங்கி மாட்டுகிற சாமான்கள். இளைஞர்கள் விரும்பி மாட்டுகிற ரியர்செட், பந்தயத்துக்கானது. ஃபுட் ரெஸ்ட்டைப் பின்னாலும் மேலேயும் கொண்டுபோகும். வளைவில் மோட்டாரை நன்றாகச் சாய்க்க அது உதவும். ஆனால் முழங்கால் இன்னும் மடங்கும், பாரம் மணிக்கட்டுக்குப் போகும். ஷிஃப்ட் முடிந்து ஜாமில் ஊர்ந்து வீடு போகிறவனுக்கு அது சுகம் தராது. வலிக்காக ரியர்செட் மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பேன். அழகுக்காக என்றால் அது அவரவர் விருப்பம். மாட்டும்போது ஃபுட் ரெஸ்ட் மடங்கும் வகைதானா என்று மட்டுமாவது பாருங்கள். மடங்காத ஃபுட் ரெஸ்ட் தரையில் உரசினால் சக்கரத்தையே தூக்கிவிடும்.

உயரமானவர்கள் ஃபுட் ரெஸ்ட்டைத் தாழ்த்தும் பிராக்கெட் போடுவது நியாயமான ஆசைதான். முழங்கால் விரியும், கால் மரத்துப் போகாது. ஆனால் தாழ்த்திய அளவுக்குச் சாயும் இடம் குறையும். பாலத்தில் தெரியாது, தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலை வளைவுகளில் தெரியும். அதோடு ஃபுட் ரெஸ்ட்டைத் தாழ்த்தினால் கியர் லீவரையும் பிரேக் பெடலையும் அதே அளவு தாழ்த்த வேண்டும். அதற்கான இடம் லீவரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்காமல் பிராக்கெட் வாங்காதீர்கள். வெட்டி ஒட்டுகிற வெல்டிங் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். பிரேக் பெடலை வெல்டிங் செய்து நீட்டுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே இருக்கும் நட்டைத் திருப்பி உயரத்தைச் சரி செய்வது வேறு. மோட்டாரின் ஃபிரேமையோ பிரேக் அமைப்பையோ மாற்றுவது வேறு. இரண்டாவது வகை என்றால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயும் நடுவில் வரும். அதை ஜேபிஜேயிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

சோதித்துப் பார்க்கப் பாலத்துக்குப் போகாதீர்கள். அங்கே நினைத்த இடத்தில் ஓரம் கட்ட முடியாது. முதலில் வாசலில் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துவிட்டு மறுபடி சுற்றுங்கள், அதே மாதிரி சுற்ற வேண்டும். பிறகு உங்கள் தாமானுக்குள்ளேயே (குடியிருப்புப் பகுதி), காலையில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், எல்லாக் கியரையும் ஏற்றி இறக்குங்கள். நியூட்ரல் எளிதாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பின் டிஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பின் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் ஓட்டியும் தண்ணீர் சுர்ரென்று ஆவியானால் பேட் உரசிக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். தள்ளுகம்பியின் தளர்வைத் திரும்பப் பாருங்கள். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா லாக் நட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பாலத்தின் இணைப்புகளில் தடதடவென்று ஏறி இறங்குகிற மோட்டாருக்கு இது அவசியம். மறுபடி தளர்ந்திருந்தால் கழற்றக்கூடிய வகை மரைப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரே மோட்டாரை இரண்டு பேர் ஓட்டினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். என் தம்பி சனி, ஞாயிறுகளில் என் மோட்டாரை எடுப்பான். அவன் போடுவது மெல்லிய கேன்வாஸ் சப்பாத்து. லீவரை எனக்கு ஏற்ற உயரத்திலேயே விட்டால், அவனுக்கு மூக்கைத் தூக்கித் தேட வேண்டியிருக்கிறது. அவனையும் உட்கார வைத்துப் பார்த்தோம். எனக்குப் பிடித்த உயரத்திலிருந்து அரைச் சுற்று இறக்கினால் இருவருக்கும் ஒத்துப் போகிறது. மிச்ச இடைவெளிக்கு லீவர் நுனியில் தடிமனான ரப்பர் உறை ஒன்றை அவன் ஓட்டும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறான், திங்கட்கிழமை நான் கழற்றிவிடுகிறேன். பிரேக் பெடலை மட்டும் இருவருக்குமாக அடிக்கடி மாற்றுவதில்லை. அது ஒரே உயரத்தில் நிற்கிறது, அதற்கு அவன் பழகிக்கொண்டான்.